காலி என்று காட்டுகிறது

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மாமாவுக்கு மட்டும் முழங்கால் வலி. மாடிப்படி ஏறும்போது அவர் போடும் சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். என் அருமைப் பெண் வாலு பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்கிறாள், நம்பித்தானே ஆகவேண்டும். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது?

என்ன, தாளில் எழுதுகிறாளே என்று பார்க்காதே. ஆபீஸ் மெயிலில் எழுதினால் உங்கள் மேனேஜர்களும் எங்கள் மேனேஜர்களும் நகலில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஃபோன் செய்தால் நீ 'உம்', 'உம்' என்றே நழுவிவிடுவாய். நாள் முழுக்க மெயில் சர்வரோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வீட்டுக்கு வந்தும் மெயிலைத் திறக்கக் கை வராது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அறுவை மருத்துவர்களை அனுப்புவது உங்கள் நிறுவனம். எங்கள் மெயில் வேறு, உங்கள் மெயில் வேறு. இங்கே முன்பதிவு மேசைக்காரர் உங்கள் டாக்டரின் காலெண்டரைத் திறந்தால் எந்த நேரம் வேலை, எந்த நேரம் காலி என்று தெரியவேண்டும். என்ன வேலை, யாரோடு என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டாம். அதற்காகத்தானே போன மாதம் இங்கே நானும் அங்கே நீயும் பகிர்வை இணைத்தோம்? உங்கள் ஆட்களுக்கு எங்கள் காலெண்டர் பளிச்சென்று தெரிகிறதாம். எங்களுக்கு உங்களுடையது சாய்கோடு போட்ட பட்டையாகத்தான் வருகிறது. 'விவரம் கிடைக்கவில்லை' என்று அர்த்தம்.

அந்தச் சாய்கோட்டைக் காலி என்று நினைத்துக்கொண்டு முன்பதிவு மேசைக்காரர் நேற்று ஒரு குழந்தையை அறுவைக்கு வரச் சொல்லிவிட்டார். டாக்டர் வேறு ஊரில். காலையிலிருந்து ஒரு வாய் பால்கூடக் குடிக்காத குழந்தை பசியில் துடித்தது. அதன் அப்பா கவுண்டரை அடித்துக் கத்தினார்.

சாயந்தரம் மேனேஜர் கூப்பிட்டார். "ஜூன் முடியறதுக்குள்ள இது ஓடணும். இல்லேன்னா உங்க சீட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்றார். மாமாவின் பட்டறையை மூடியதிலிருந்து இந்த வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. உனக்குத் தெரியாததா?

உன் பக்கம் ஒருமுறை நன்றாகப் பார். பார்த்துவிட்டு எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணைப் பார்த்து, "ஏன்டி இப்படி இளைச்சுட்ட?" என்று நேற்று கேட்டாள். உன்னை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. என் வீட்டுக்காரி உன்னையும் வாலுவையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

எங்கள் பக்கம் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. உங்கள் சர்வர் எங்களைக் கேட்கும் கேள்வியை உங்கள் ஃபயர்வாலே வெளியே விடாமல் தடுக்கிறதோ என்று சந்தேகம். அதைப் பார்.

ஆனால் அவசரப்படாதே அக்கா. இந்த மாதிரி இணைப்பெல்லாம் பல இடங்களில் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. சரிப்பட்டு வராது என்று தோன்றினால் அவர்களே கைவிட்டுவிடுவார்கள். மேனேஜர் என்றால் மிரட்டத்தான் செய்வார். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

மாமாவைப் படி ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். மாமா படி ஏறாமல் எப்படி இருப்பார்? வீடு மாடியில் அல்லவா இருக்கிறது! அம்மாவிடம் நான் இளைக்கவில்லை, நேர்மாறாகத்தான் என்று சொல்.

ஃபயர்வால்தான்! நீ சொன்னது நூற்றுக்கு நூறு. அந்தப் பிரிவு ஆட்களிடம் தொண்டைத் தண்ணி வற்றப் பேசித் திறக்க வைத்தேன். போன புதன்கிழமை மத்தியானம் உங்கள் டாக்டர்களின் நேரம் அத்தனையும் திரையில் வந்து நின்றது. முன்பதிவு மேசைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை திரும்பவும் சாய்கோடு.

ஆனால் இது பழைய கோளாறு இல்லை. முன்பு எங்கள் சர்வருக்கு உங்கள் கதவே கண்ணில் படவில்லை. இப்போது கதவு தெரிகிறது. போய்த் தட்டினால் 'உனக்கு அனுமதி இல்லை' என்று பதில் வருகிறது. அனுமதி கொடுப்பது உன் பக்கம். என்ன மாறியது என்று பார்.

இன்னொரு சேதி. பல்கலைக்கழகத்தில் மெயில் பிரிவுக்கு ஆள் தேடுகிறார்களாம். என்னோடு முன்பு வேலை பார்த்த சீனியர் அங்கேதான் இருக்கிறார். "நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்கிறார். ஏப்ரல் பத்து வரைக்கும் எனக்காக நிறுத்தி வைப்பாராம். நல்ல இடம்தான். ஆனால் கையில் எடுத்ததை அரைகுறையாகப் போட்டுவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. நீ என்ன சொல்கிறாய்? சீக்கிரம் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

தாமதமாகிவிட்டது, மன்னித்துவிடு. இங்கே வேலை அதிகம். எல்லோரும் சுகம்.

பல்கலைக்கழக வேலையை எடுத்துக்கொள். யோசிக்காதே. தயவுசெய்து எடுத்துக்கொள்.

கோளாறைப் பற்றி: உங்கள் சர்வரின் கடிகாரம் தள்ளி ஓடுகிறதா என்று பார். நேரம் ஒத்துப்போகாவிட்டாலும் அனுமதி மறுக்கும்.

தம்பி


ஏப்ரல் 13

தம்பிக்கு,

சுகம்தான், சுகம்தான். வாலுவுக்குப் பரீட்சை முடிந்தது. எப்படி எழுதினாய் என்று கேட்டால் உன்னைப் போலவே 'உம்' என்கிறாள். நம் வீட்டு ரத்தம்!

கடிகாரம் இம்மியும் பிசகாமல் ஓடுகிறது. இதற்காக நான் ஒரு வாரத்தை வீணடித்தேன்.

அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. 'எடுத்துக்கொள்' என்று நீ பாட்டுக்கு எழுதிவிட்டாய், எதற்கு என்று ஒரு காரணமாவது சொன்னாயா? திருப்பித் திருப்பிப் படித்தேன். 'தயவுசெய்து' என்றுதான் இருக்கிறது. உடைந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போனாள் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லக் கூடாது. இது ஓடவேண்டும், அந்த மேனேஜர் என் முகத்தைப் பார்த்து 'சபாஷ்' என்று சொல்லவேண்டும். அதற்கப்புறம் என் சீட்டை யார் அசைப்பார்கள்?

சாய்கோடு வந்தால் டாக்டருக்கு ஃபோன் போட்டுக் கேட்காமல் யாரையும் அழைக்கக் கூடாது என்று முன்பதிவு மேசையில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். பாதி நேரம் டாக்டர் எடுப்பதில்லை. ஏதோ ஓடுகிறது.

அனுமதியைப் பார்த்தாயா இல்லையா?

அக்கா


மே 4

அக்காவுக்கு,

அம்மாவின் கண்ணுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வரும் பதினோராம் தேதி. அந்த வாரம் முழுக்க நான் லீவு போட்டிருக்கிறேன். நீ ஓடி வரவேண்டாம், சின்ன அறுவைதான். நானும் இவளும் பார்த்துக்கொள்கிறோம்.

வேலையை வேண்டாம் என்று சொன்னதைப் படித்து எனக்கு அன்றைக்கு முழுக்க ஒன்றும் ஓடவில்லை. போகட்டும்.

பகிர்வை நான் திரும்பி வந்து பார்க்கிறேன். அதுவரை எங்கள் ஆபீஸுக்குப் புகார் டிக்கெட் எதுவும் போடாதே. இங்கே வேறு யாருக்கும் அது புரியாது, குட்டையைக் குழப்பிவிடுவார்கள்.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி


மே 29

தம்பிக்கு,

அம்மாவோடு ஃபோனில் பேசினேன். பக்கத்து வீட்டுச் சுவரில் இருக்கும் விரிசல்கூடத் தெரிகிறதாம். சந்தோஷம். சொட்டு மருந்தை வேளைக்கு விடுங்கள்.

நீ டிக்கெட் போடாதே என்று எழுதியிருந்தாய். போட்டேன். எனக்குப் பொறுமை இல்லை, ஜூன் நெருங்கிவிட்டது. உன் பக்கத்து மேசை அம்மணி கூப்பிட்டார். "எங்க ஆளு லீவுங்க, நானே பாக்கறேன்" என்றார். நான் டீ குடித்து முடிப்பதற்குள் திரும்பக் கூப்பிட்டார். "உங்க ஆஸ்பத்திரி பேரே எங்க அனுமதிப் பட்டியல்ல இல்லீங்களே. யாரோ எடுத்திருக்காங்க. போட்டுட்டேன், பாருங்க" என்றார். பார்த்தேன். எல்லா டாக்டரும் தெரிந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க ஓடியது. நீ திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினாய். செவ்வாய்க்கிழமை காலை சாய்கோடு.

அம்மணிக்கு ஃபோன் செய்தேன். "பட்டியல்ல உங்க பேரு இருக்குங்க. ஆனா டாக்டருங்களோட குழுவையே பகிர்வுலேருந்து எடுத்துட்டாங்க போல" என்று இழுத்தார்.

இந்தத் தொழிலில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள். இயந்திரம் கெட்டால் ஒரே மாதிரிதான் கெடும். நான் சரிசெய்யச் சரிசெய்யப் புதுப்புது மாதிரியாகக் கெட்டால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான்.

ஃபயர்வால், கடிகாரம் என்று என்னை எங்கெல்லாம் அலையவிட்டாய்! அது நீதானா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது.

அக்கா


ஜூன் 9

பதில் இல்லை. ஃபோனையும் எடுப்பதில்லை. அம்மாவிடம் கேட்டால் "அவனுக்கு வேலைடி" என்கிறாள்.

உனக்கு நான் என்ன துரோகம் செய்தேன்? மாத முடிவில் என் வேலை போகப்போகிறது. அதையாவது நினைத்துப் பார்த்தாயா?


ஜூன் 14

அக்காவுக்கு,

ஆமாம். நான்தான்.

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

ஆரம்பத்தில் வந்த கோளாறு உண்மையிலேயே உன் பக்கம்தான். ஃபயர்வால். உங்கள் ஆட்கள் லேசில் திறக்கமாட்டார்கள் என்று நம்பித்தான் அதை உன்னிடம் சொன்னேன். நீ திறக்க வைத்துவிட்டாய். இனி என்ன ஆகும் என்று தெரிந்துதான், அன்றைக்குச் சாயந்தரமே உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன்.

ஜனவரியில் உங்கள் மேனேஜரும் எங்கள் மேனேஜரும் இங்கே ஒரு அறையில் உட்கார்ந்து பேசினார்கள். ப்ரொஜெக்டரைச் சரிசெய்ய என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒயரோடு குனிந்திருந்தேன். எங்கள் மேனேஜர் சொன்னார்: "பகிர்வு ஓட ஆரம்பிச்சு ஒரு மாசம் நின்னா போதும், ரெண்டு சிஸ்டத்தையும் இங்கேருந்தே பாத்துக்கலாம். அப்புறம் உங்க ஆஸ்பத்திரில இருக்கற மெயில் சீட் காலி." உங்கள் மேனேஜர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவர் உன்னை மிரட்டியது அவசரப்படுத்தத்தான். ஓடாவிட்டால் உன்னை எடுக்க முடியாது, அந்த சிஸ்டம் தெரிந்த வேறு ஆளே இல்லை என்று அவரே அந்த அறையில் சொன்னார்.

ஓடினால்தான் உன் வேலை போகும் அக்கா. ஓடாமல் இழுத்தால் திட்டத்தையே கைவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை நாள் கை வரவில்லை. உன் வேலையையும் சேர்த்துப் பார்க்க அவர்கள் வைத்திருக்கிற ஆள் நான்தான். பதவி உயர்வு என்றார்கள். வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். நீ என் அக்கா என்று அவர்களுக்குத் தெரியாது. உன்னிடம் சொன்னால் நீ அந்த நிமிஷமே மேனேஜர் அறைக்குப் போய்ச் சட்டையைப் பிடிப்பாய். உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். அம்மாவும் இவளும் என்னை நம்பி இருக்கிறார்கள். பயந்துவிட்டேன்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பதில் மட்டும் எழுது.

தம்பி


ஜூன் 19

டேய்,

சௌக்கியமா என்று கேட்கிறாயே, எனக்கு எப்படி இருக்கும்? உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். மாமா கேட்டார், "ஏன் முகமெல்லாம் செவந்திருக்கு?" அடுப்புச் சூடு என்றேன். அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

பல்கலைக்கழக வேலை வந்தபோது உன்னிடம்தான் கேட்டேன். 'தயவுசெய்து' என்று எழுதத் தெரிந்த உனக்கு, 'உன் சீட் போகப்போகிறது' என்று எழுதக் கை வரவில்லை. ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் இந்நேரம் நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். இன்று காலை அந்த சீனியருக்கு ஃபோன் போட்டேன். "ஆளு போட்டாச்சேம்மா, நீதானே வேண்டாம்னே?" என்றார். என் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, எனக்குக் கிடைத்த வேலையையும் சேர்த்துத் தொலைத்தாய்.

அதுகூடப் போகட்டும். மே மாதம் நீ திரும்பி வந்து மூடினாயே, அந்த வாரம் முன்பதிவு மேசையில் புதிதாக வந்த பெண் சாய்கோட்டைப் பார்த்துவிட்டு இன்னொரு குழந்தையை வரவழைத்தாள். அதையும் திருப்பி அனுப்பினோம். அதன் அம்மா கத்தவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். நீ பூட்டுப் போட்டபோது உன் கண்ணுக்கு நான் ஒருத்திதான் தெரிந்தேன், இல்லையா?

பாசம் என்று சொல்லாதே, எரிச்சல் வருகிறது. என் வாழ்க்கையை என்னிடம் கேட்காமல் நீயே முடிவு செய்தாய். அந்த அறையில் உட்கார்ந்து அவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

திறந்துவிடு. இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே திறந்துவிடு. என் சீட் போனால் போகட்டும். இதற்குமேல் கை வைத்தால், நானே உங்கள் மேனேஜருக்கு எழுதுவேன். அக்கா சும்மா சொல்கிறாள் என்று நினைக்காதே.


ஜூன் 24

அக்காவுக்கு,

திறந்துவிட்டேன். இனி தொடமாட்டேன்.

அனுமதிப் பட்டியலில் உங்கள் பெயரும் பகிர்வில் டாக்டர் குழுவும் இருக்கின்றன, பார்த்துக்கொள்.

தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. மாமாவுக்கு முழங்கால் கொஞ்சம் தேவலை. ஒரு கடையில் கணக்குப் பார்க்கப் போகிறார். வாலு தேறிவிட்டாள், நல்ல மார்க். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உங்கள் டாக்டர்களின் நேரம் அன்றிலிருந்து ஒருநாள்கூட மறையவில்லை. முன்பதிவு மேசைக்காரர் நான் ஒட்டிய அறிவிப்பைக் கிழித்துப் போட்டார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் கைகொடுத்து, "இத்தனை நாளா எங்கதாங்க பிரச்சினை?" என்று கேட்டார். "ஒரு அனுமதி விட்டுப்போயிருந்தது" என்றேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீ எனக்குச் செய்ததற்கு அந்தக் கருணையெல்லாம் அதிகம்தான், ஆனால் அம்மா உன் வீட்டில் இருக்கிறாள்.

நேற்று முன்தினம் காகிதம் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் முடிய இருக்கலாமாம். பொறுப்பையெல்லாம் உங்கள் நிறுவனத்தில் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டுமாம். யாரென்று சொன்னார்கள். தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டேன். வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து ஆசை தீர அழுதேன். எத்தனை வருஷம்டா! அந்த சர்வர் அறையில் எந்த விசிறி எப்போது முனகும் என்றுகூட எனக்குத் தெரியும்.

நான்கு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். பார்ப்போம்.

இன்று மத்தியானம் உன்னிடமிருந்து கூட்ட அழைப்பு வந்தது. 'பொறுப்பு ஒப்படைப்பு, வெள்ளிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை.' என் காலெண்டரைப் பார்த்திருப்பாய். காலி என்று காட்டியிருக்கும். எல்லா நாளும் அப்படித்தான் காட்டும், என்னிடமிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அழைப்பை நிராகரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை எனக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது. அதை நான் காலெண்டரில் போடவில்லை.

ஒப்படைப்பேன், அதில் உனக்கு எந்தக் குறையும் வைக்கமாட்டேன். எந்த நாள் எனக்குச் சௌகரியம் என்று ஃபோன் போட்டுக் கேள். எடுப்பேன், திட்டுவேன், அப்புறம் நாள் சொல்வேன். ஆனால் கேட்டுவிட்டு வா.

அக்கா